சாமுராய் மதியம் என்ன சாப்பிட்டான்?

1952 வாக்கில் ஷினோபு ஹாஷிமோத்தோ என்ற இளம் திரைக்கதை ஆசிரியர், தோக்கியோவின் உயெனோ நூலகத்தில் உட்கார்ந்து ஒரு சின்னக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். ஜப்பானின் எடோ ஆட்சிக்காலத்தின் தொடக்கத்தில், கோட்டைக்கு வேலைக்குப் போன ஒரு சாமுராய் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனானா, கோட்டையிலேயே போட்டார்களா? அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி: அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடா, மூன்று வேளையா?

அகிரா குரோசவாவின் அடுத்த படம் ஒரு சாமுராயின் ஒருநாள் வாழ்க்கை. காலையில் எழுகிறான், தலைவாரிக்கொள்கிறான், கோட்டைக்குப் போகிறான். அங்கே ஒரு சிறிய பிழை நேர்ந்துவிடுகிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து முறைப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகிறான். நடுவே மதிய வேளையில் அவனும் அவனுடைய நண்பனும் சாப்பிட்டபடி பேசிக்கொள்ளும் ஒரு காட்சி. படத்தின் கனமெல்லாம் அதில்தான் இருந்தது. போர்களின் தேதியும் பிரபுக்களின் வம்சாவளியும் எத்தனை வேண்டுமானாலும் கிடைத்தன. சாப்பாட்டைப் பற்றி உறுதியாகச் சொல்ல ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. இருவர் கையிலும் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர்களுடைய பேச்சை எழுத முடியாது என்று ஹாஷிமோத்தோ கைவிரித்துவிட்டார். குரோசவாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் படம் கைவிடப்பட்டது.

அடுத்து, ஜப்பானின் புகழ்பெற்ற வாள்வீரர்கள் ஒவ்வொருவரின் வாழ்விலிருந்தும் உச்சமான ஒரு சம்பவத்தை எடுத்துக் கோத்து ஒரு முழுத் திரைக்கதையே ஹாஷிமோத்தோ எழுதினார். அதைப் படித்ததும், உச்சங்களை மட்டும் அடுக்கினால் படம் ஆகாது என்று இருவருக்குமே புரிந்தது. அதுவும் குப்பைக்குப் போனது. அப்போதுதான் ஒரு சில்லறைச் சந்தேகம் வந்தது. வாள்பயிற்சிக்காக ஊர்ஊராகத் திரிந்த வீரர்களுக்குக் கையில் காசு கிடையாதே, சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? தயாரிப்பாளர் சோஜிரோ மோதோகி விசாரித்து வந்து சொன்னார்: பயிற்சிக்கூடத்தில் ஒரு போட்டி ஆடினால் ஒருவேளைச் சோறு கிடைக்கும். அது இல்லாத ஊரில் கோயிலில் தங்கலாம். கொள்ளைக்கூட்டம் பெருத்த காலத்தில், ராத்திரி காவல் இருந்தால் கிராமத்தார் வயிறாரச் சோறு போடுவார்கள். சோற்றுக்காகக் கிராமத்தைக் காக்கும் சாமுராய்கள்! 'செவன் சாமுராய்' பிறந்த கதை இதுதான் என்று ஹாஷிமோத்தோ தன் நினைவு நூலில் எழுதுகிறார். ஒரு படத்தைக் கொன்ற அதே சோற்றுக் கேள்வி இன்னொரு படத்தைப் பெற்றுக்கொடுத்தது.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது குரோசவாவின் கோபத்துக்குப் பிறகு நடந்ததுதான். ஜப்பானின் முதல்நிலை இயக்குநர் ஒருவர், எழுத்தாளர் 'முடியாது' என்றதும் படத்தையே விட்டுக்கொடுக்கிறார். 1950-களின் முற்பாதியில் குரோசவா அமைத்துக்கொண்ட வேலைமுறையின் உயிர்நாடி இந்த விட்டுக்கொடுத்தல்தான் என்று நினைக்கிறேன். தான் தோற்கக்கூடிய ஓர் அறையை அவரே கட்டி, அவரே அதற்குள் போய் உட்கார்ந்தார். திறமைசாலிகளைச் சேர்த்துக்கொண்ட இயக்குநர்கள் உலகமெங்கும் உண்டு. தன்னை மறுக்கும் உரிமையோடு அவர்களை உட்காரவைத்தவர்கள் குறைவு.

இதற்கெல்லாம் ஆதாரம் எது என்று கேட்டால் கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். குரோசவாவின் தன்வரலாறு 'ரஷோமோன்' படத்தோடு நின்றுவிடுகிறது. 'இகிரு', 'செவன் சாமுராய்' உருவான அறைக்குள் அவர் நம்மைக் கூட்டிப்போவதே இல்லை. கூட்டிப்போகிறவர் ஹாஷிமோத்தோ. பூச்சிகளின் கூட்டுக்கண்ணைத் தலைப்பில் வைத்த அவருடைய நூல் 2006-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 88. குரோசவாவோடு எழுதிய ரியூசோ கிகுஷிமா 1989-இலும், ஹிதேயோ ஒகுனி 1996-இலும், குரோசவா 1998-இலும் இறந்துவிட்டார்கள். மறுத்துப் பேச ஆள் இல்லாத சாட்சியம். குரோசவா, ஹாஷிமோத்தோ இருவரின் நினைவும் ஒரே சம்பவத்தைத் தொடுவது 'ரஷோமோன்' விஷயத்தில் மட்டுமே. வேடிக்கை என்னவென்றால், ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அந்தப் படத்தின் பிறப்பைப் பற்றியே இருவரும் வேறுவேறாகச் சொல்கிறார்கள்.

ஹாஷிமோத்தோ சினிமாவுக்கு வந்த வழியே விசித்திரமானது. ராணுவத்தில் சேர்ந்த உடனே காசநோய் வந்து மருத்துவ இல்லத்தில் கிடந்தார். பக்கத்துப் படுக்கைக்காரர் கொடுத்த ஒரு சினிமாப் பத்திரிகையில் திரைக்கதை ஒன்று அச்சாகியிருந்தது. 'இவ்வளவுதானா? இதை நானே எழுதுவேனே. இந்த நாட்டில் பெரிய திரைக்கதை ஆசிரியர் யார்?' என்று கேட்க, மன்சாகு இத்தாமி என்று பதில் வந்தது. எழுதியதை அவருக்கே அனுப்பினார். இத்தாமி ஒவ்வொன்றையும் படித்துத் திருத்தம் சொல்லி எழுதினார். பிறகு ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே, போகிற வருகிற ரயிலில் எழுதிப் பழகினார் ஹாஷிமோத்தோ. 1946-இல் இத்தாமி இறந்தபின் இவருடைய கையெழுத்துப் பிரதிகள் இயக்குநர் கியோஷி சயேகி வழியாகக் குரோசவாவின் கைக்குப் போயின. அவற்றில் ஒன்று, ரியூனொசுகே அகுதகாவா 1922-இல் வெளியிட்ட 'மூங்கில் தோப்பில்' என்ற சிறுகதையின் தழுவல்.

நன்றாக இருக்கிறது, ஆனால் முழுநீளப் படத்துக்குப் போதாது என்றார் குரோசவா. இதுவரை இருவரும் ஒத்துப்போகிறார்கள். இனிமேல்தான் சிக்கல். 'ரஷோமோனைச் சேர்த்துக்கொண்டால்?' என்று தன் வாயிலிருந்து யோசிக்காமல் வந்துவிட்டது, வெளியே வந்ததும் ஏன் சொன்னோம் என்று நொந்துகொண்டேன் என்கிறார் ஹாஷிமோத்தோ. எடுத்துவைத்த பிரதி பின்னாளில் தன் நினைவுக்கு வந்தது, இன்னொரு கதை சேர்த்தால் நீளம் சரியாகும் என்று தோன்றி அகுதகாவாவின் 'ரஷோமோன்' ஞாபகம் வந்தது என்கிறார் குரோசவா.

யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது வீண்வேலை. ஹாஷிமோத்தோவின் சொற்களையே கவனமாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. இரண்டு கதைகளையும் இணைக்க அவர் எழுதிய வரைவு சரியாக வரவில்லை. 'ரஷோமோன்' கதையின் வேலைக்காரனே பின்னால் கொள்ளைக்காரன் ஆகிறான் என்று ஒரே மனிதனின் வரலாறாக அவர் ஒட்டப் பார்த்தார். ஒட்டவில்லை. முதுகெலும்புத் தட்டு விலகி அவர் படுத்துவிட, மிச்ச வேலை குரோசவாவின் கைக்குப் போனது. மழை, இடிந்த கோட்டைவாசல், அங்கே ஒதுங்கும் மூன்று பேர், விறகுவெட்டி கடைசியாகச் சொல்லும் நான்காவது வடிவம் என்று படத்தின் சட்டகம் அங்கேதான் உருப்பெற்றது. பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஒருவர், அதை என்ன செய்வது என்று கண்டவர் இன்னொருவர். கூட்டு வேலையில் 'யாருடைய யோசனை' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதைவிடத் துல்லியமான பதில் கிடைப்பதில்லை. அந்தப் படம் 1951-இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. அதன் தாக்கம் கோடம்பாக்கம்வரை வந்து, எஸ். பாலசந்தர் இயக்கத்தில், ஜாவர் சீதாராமன் எழுத்தில், 1954-இல் பாட்டே இல்லாத 'அந்த நாள்' ஆனது நமக்குத் தெரிந்ததுதான்.

குரோசவா எழுதத் தெரியாதவர் அல்லர் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. இயக்குநராக வேண்டுமானால் முதலில் எழுது என்று அவருடைய குரு கஜிரோ யமமோத்தோ பழக்கியிருந்தார். உதவி இயக்குநராக இருந்த காலத்திலேயே திரைக்கதைகளை எழுதி விற்றவர். முதல் படத்தின் திரைக்கதையும் அவருடையதே. அப்படிப்பட்டவருக்கு அறையில் இன்னும் இரண்டு பேர் எதற்கு? அவரே இரண்டு காரணம் சொல்கிறார். ஒருவன் மட்டும் எழுதினால் ஒரு மனிதனைப் பற்றிய பார்வை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும், மூன்று பேர் எழுதினால் மூன்று பார்வை கிடைக்கும் என்பது முதல் காரணம். இதை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவதுதான் அனுபவசாலியின் பேச்சு: இயக்குநர் தனியாக எழுதும்போது, தனக்குப் படமாக்க எளிதான பக்கமாகக் கதையைத் தன்னையறியாமலே தள்ளிக்கொண்டு போய்விடுவான். தன்னுடைய சொந்தத் திறமைமேல் இவ்வளவு சந்தேகம் வைத்திருந்த இயக்குநரை நான் அதிகம் கண்டதில்லை.

'இகிரு' படத்தில் அந்தச் சந்தேகம் வேலைசெய்த விதத்தைப் பார்க்கலாம். சாவதற்கு எழுபத்தைந்து நாட்களே மிச்சமுள்ள ஒரு மனிதன் என்பதுதான் குரோசவா கொடுத்த விதை. பின்னால் டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' இருந்தது. அந்த மனிதனை, முப்பது வருஷம் முத்திரை குத்தியே காலம் கழித்த நகராட்சி அதிகாரி ஆக்கி, ஹாஷிமோத்தோ தனியாக முதல் வரைவை எழுதினார். இறுதி வடிவத்துக்காக இருவரும் ஹக்கோனேயில் ஒரு விடுதியில் உட்கார்ந்து ஐம்பது பக்கம் போலப் போய்விட்டபின், தாமதமாக வந்து சேர்ந்தார் ஒகுனி. குரோசவாவைவிட ஆறு வயது மூத்தவர், தொழிலில் வேகத்துக்கும் சம்பளத்துக்கும் பெயர்போனவர். எழுதியதைப் படித்தார். இது இப்படியே போனால் சரிவராது, ஆள் நடுவிலேயே செத்துப்போக வேண்டாமா என்கிற பாணியில் கேட்டார். குரோசவா கொதித்துப்போய் எழுதிய தாள்களைக் கிழித்துப்போட்டார் என்கிறார் ஹாஷிமோத்தோ. கிழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்கள்.

படம் பார்த்தவர்களுக்கு இதன் விலை தெரியும். அந்த அதிகாரி வத்தனபே பூங்கா கட்டத் தீர்மானித்து எழுகிறார். அடுத்த கணம் கதைசொல்லியின் குரல், ஐந்து மாதம் கழித்து அவர் இறந்துபோனதாக அறிவிக்கிறது. படத்தின் கடைசி மூன்றிலொரு பங்கு முழுக்கத் துக்கவீடு. சாகே குடித்தபடி சக ஊழியர்கள், பூங்காவைக் கட்டியது யார் என்று வாதாடுகிறார்கள். கதாநாயகனின் வீரச்செயலை நேராகக் காட்டுவதுதான் எந்த இயக்குநருக்கும் கைவந்த வழி. அதைப் பறித்துவிட்டு, குடிபோதையில் உளறும் குமாஸ்தாக்களிடம் கதையைக் கொடுத்துவிட்டார்கள். குரோசவா தனியாக எழுதியிருந்தால் இந்தப் பாதைக்கு வந்திருப்பாரா என்பது எனக்கு ஐயம்தான்.

'செவன் சாமுராய்' எழுதப்பட்டது ஆத்தாமி என்ற வெந்நீர் ஊற்று ஊரில், ஒரு பாரம்பரிய விடுதியில். முதல் வரைவு வழக்கம்போல ஹாஷிமோத்தோவுடையது. இறுதி வரைவுக்கு மூவரும் கூடினார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துவரை எழுத்து. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. ஒரே மேசை. குரோசவாவும் ஹாஷிமோத்தோவும் ஒரே காட்சியைத் தனித்தனியாக எழுதுவார்கள். ஒகுனி பேனாவையே எடுப்பதில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஏதோ ஆங்கிலப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். எழுதி முடித்த தாள் அவர் கைக்குப் போகும். சரி என்றால் சேரும், இல்லையென்றால் திரும்பி வரும். இயக்குநர் எழுதியது என்பதற்காகச் சலுகை இல்லை. ஒகுனியைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் என்கிறார் ஹாஷிமோத்தோ. எழுதாத ஒருவருக்கு எதற்குச் சம்பளம் என்று நம்மூர்த் தயாரிப்பாளர் கேட்டிருப்பார்.

அந்த அறையில் ஹாஷிமோத்தோ ஒருநாள் குரோசவாவின் தடித்த நோட்டுப்புத்தகத்தைப் பார்த்தார். சாமுராய்கள் ஒவ்வொருவருக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்புகள். தலைவன் கம்பேயின் உயரம் என்ன, செருப்பை எப்படிக் கட்டுவான், எப்படி நடப்பான், பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் எப்படித் திரும்புவான் என்றெல்லாம் படங்களோடு எழுதிவைத்திருந்தார். அதைப் பார்த்து அசந்துபோனதை ஹாஷிமோத்தோ ஒளிக்கவில்லை. மதியச் சாப்பாடு தெரியாமல் எழுத மறுத்தவரும், செருப்புக் கயிற்றைக்கூட விடாதவரும் ஒருவரையொருவர் கண்டுகொண்ட இடம் அது. இவ்வளவு செய்து, அறுவர் சரியாக அமைந்தும் படம் அசையவில்லை. நிதானமான சாமுராய்கள் ஆறு பேர். விவசாயிகளுக்கும் அவர்களுக்கும் நடுவே ஆள் இல்லை. வாள்வீரன் க்யூசோவாக நடிப்பதாக இருந்த தோஷிரோ மிஃபுனேவுக்காக, விவசாயி வீட்டில் பிறந்து சாமுராய் வேஷம் போடும் கிகுச்சியோ வந்தான். கிராமத்தார் ஒளித்துவைத்திருந்த கவசங்களைச் சாமுராய்கள் முன்னால் கொண்டுவந்து கொட்டி, விவசாயிகளைப் போலக் கள்ளர்கள் உண்டா, ஆனால் அவர்களை அப்படி ஆக்கியது யார் என்று அவன் கத்தும் இடத்தில்தான் 207 நிமிடப் படம் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறது.

நம்முடைய 'கதை விவாதம்' என்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றும். அறை எடுத்து, நாலு பேர் உட்கார்ந்து, டீயும் பஜ்ஜியுமாகப் பேசுவது தமிழ் சினிமாவில் நெடுங்காலமாக உண்டு. வேறுபாடு ஒன்றே. நம் அறையில் பேசுகிறார்கள், ஆத்தாமியில் எழுதினார்கள். பேச்சில் குரல் பெரிதானவர் ஜெயிப்பார், பெரும்பாலும் அவர் இயக்குநராக இருப்பார். தாளில் எழுதி மூன்றாமவர் கையில் கொடுத்துவிட்டால் குரலுக்கு வேலையில்லை.

இந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. முதல் வரைவை ஒருவர் தனியாக எழுதுவது, பிறகு பலர் கூடி மாற்றுவது என்ற இரண்டு படிகளில் முதல் படி 1955-இல் வந்த 'ஐ லிவ் இன் ஃபியர்' காலத்திலிருந்து போய்விட்டது என்கிறார் ஹாஷிமோத்தோ. எல்லோரும் முதல் நாளே சேர்ந்து உட்கார்ந்து நேராக இறுதி வரைவை எழுதத் தொடங்கினார்கள். வேகம் கூடியது. 'த ஹிடன் ஃபோர்ட்ரஸ்' எழுதும்போது தினமும் காலையில் குரோசவா தப்பவே வழியில்லாத ஒரு நெருக்கடியைச் சொல்வாராம், மற்றவர்கள் மண்டையை உடைத்து வழி கண்டுபிடிப்பார்களாம். நல்ல விளையாட்டு. ஆனால் புதிர் போடுகிறவர் இயக்குநர், விடை தேடுகிறவர்கள் எழுத்தாளர்கள். ஆத்தாமி மேசையில் இந்தப் படிநிலை இருந்ததில்லை. முதல் வரைவு என்பது, இயக்குநர் இல்லாத இடத்தில் கதை ஒருமுறை முழுதாக வாழ்ந்து பார்ப்பது. அதை எடுத்துவிட்டால், எத்தனை பேர் உட்கார்ந்தாலும் எல்லோரும் இயக்குநரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறவர்கள்தான். 1960-இல் 'த பேட் ஸ்லீப் வெல்' படத்துக்கு ஐந்து பேர் எழுதினார்கள். அதன் தொடக்கக் கல்யாணக் காட்சியைப் போல இறுக்கமான ஒன்றைக் குரோசவா அதிகம் எடுத்ததில்லை. படத்தின் பிற்பாதி அந்த உயரத்தில் நிற்கவில்லை.

ஆனால் ஹாஷிமோத்தோவின் வாதத்தை அப்படியே விழுங்க எனக்கு மனம் வரவில்லை. 'யோஜிம்போ' (1961), 'ஹை அண்ட் லோ' (1963) இரண்டையும் எங்கே வைப்பது? இரண்டிலும் ஹாஷிமோத்தோ இல்லை, கிகுஷிமா இருக்கிறார். 'ஹை அண்ட் லோ' எட் மெக்பெயினின் நாவலிலிருந்து வந்தது. அதாவது முதல் வரைவு என்ற வேலையை ஒருவகையில் அந்த நாவலே செய்துவிட்டது என்று சொல்லி அவருடைய வாதத்தைக் காப்பாற்றலாம். 'யோஜிம்போ'வை அப்படிக் காப்பாற்ற முடியாது. குறிப்பிட்ட ஒரு முறைதான் நல்ல படத்தைத் தரும் என்பதை அந்தப் படம் ஒற்றை ஆளாக நின்று மறுக்கிறது. அந்த முறையில் தன் பங்குதான் பெரியது என்று தோன்றும்படி ஹாஷிமோத்தோ எழுதியிருப்பதையும் வாசகர் கழித்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய நேர்மைக்கு ஒரு சான்று, தனக்கே எதிரான ஒரு கருத்தை அவர் பதிவு செய்திருப்பது. குரோசவாவிடம் உதவி இயக்குநராக இருந்த யோஷிதாரோ நோமுராவிடம், தன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். குரோசவா சந்தித்திருக்கவே கூடாத ஆள் நீங்கள் என்றார் நோமுரா. 'ரஷோமோன்', 'இகிரு', 'செவன் சாமுராய்' எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றும் விளக்கினார். ஹாஷிமோத்தோ வந்ததால் குரோசவாவின் படங்களுக்குள் தத்துவமும் சமூகமும் பாரமாக ஏறிக்கொண்டன, அது இல்லாதிருந்தால் ஹாலிவுட் இயக்குநர்களான வைல்டரையும் வைலரையும் மிஞ்சிய பொழுதுபோக்குச் சினிமாவின் அரசனாக அவர் ஆகியிருப்பார் என்பது நோமுராவின் கணக்கு. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் எழுத்தாளர் இயக்குநருக்குத் தீங்கும் செய்யலாம் என்பதை இவ்வளவு மரியாதையோடு யாரும் சொல்லி நான் படித்ததில்லை. அந்த நோமுராதான் 1974-இல் ஹாஷிமோத்தோவும் யோஜி யமதாவும் எழுதிய 'கேஸில் ஆஃப் சாண்ட்' படத்தை எடுத்தவர்.

1970-இல் 'தோதெஸ்காதென்' படத்துக்காக மூவரும் மீண்டும் கூடினார்கள். ஹாஷிமோத்தோ குரோசவாவோடு வேலைசெய்த கடைசிப் படம் அது. அதன்பின் காலப்போக்கில் மேசையில் ஆட்கள் குறைந்தார்கள். 'ட்ரீம்ஸ்' (1990) தொடங்கிக் கடைசி மூன்று படங்களின் திரைக்கதையில் குரோசவாவின் பெயர் மட்டும்தான். அழகு குறையவில்லை. ஆனால் அந்தப் படங்களில் வரும் மனிதர்கள் பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகிறார்கள், அது பெரியவரின் குரல்.

ஹாஷிமோத்தோவும் தனியாக ஒன்றைச் செய்துபார்த்தார். முன்பே இரண்டு படங்கள் இயக்கியிருந்தவர், 1982-இல் தோஹோ நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவுப் படங்களுள் ஒன்றாக 'மபோரோஷி நோ மிசூமி'யை எடுத்தார். கதை, திரைக்கதை, இயக்கம் எல்லாம் அவரே. பீவா ஏரிக்கரையில் வாழும் ஒரு பெண் தன் நாயைக் கொன்றவனைத் துரத்தி ஓடுகிறாள். கதை நடுவில் சில நூற்றாண்டுகள் பின்னால் போய் வருகிறது, கடைசியில் விண்வெளியில் போய் முடிகிறது. இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் அந்தப் படத்தைச் சில வாரங்களிலேயே அரங்குகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.